கல்யாண ஜடை பாதியில் சரிந்துவிட்டது, எந்த ஸ்ப்ரே வாங்குவது?

கேள்வி: 6 மே, மதியம் (பர்மாவில், பெகுவிலிருந்து ஒரு வாசகி)

அக்கா, வீட்டிலேயே சின்னதாகப் பார்லர் வைத்திருக்கிறேன். போன வாரம் ஒரு கல்யாணப் பெண்ணுக்குப் பூ ஜடை போட்டேன். மேடை ஏறும்போது நன்றாகத்தான் இருந்தது. மாலை மாற்றும்போது உச்சி தொளதொளத்தது. தாலி கட்டும் நேரத்தில் ஜடை நாலு விரல் கீழே இறங்கிவிட்டது. பெண்ணின் அம்மா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் முகம் வாடிப்போனது. ஒரு டப்பா ஸ்ப்ரே முழுக்க அடித்தும் இப்படி. இதைவிட நல்ல ஸ்ப்ரே எது? ரங்கூனில் எங்கே கிடைக்கும்?

6 மே, இரவு

ஸ்ப்ரே இருக்கட்டும். அந்த ஜடை எதில் தொங்கியது, அதைச் சொல்லு.

நீ எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், பிடரியில் ஒரு ரப்பர் பேண்ட் போட்டு, அதில் சவுரியைச் சேர்த்துப் பின்னி, மேலே பூவைச் சுற்றியிருக்கிறாய். எடை முழுவதும் அந்த ஒரு ரப்பர் பேண்டில். ரப்பர் நீளும், முடி வழுக்கும். நாலு விரல் இறங்காமல் என்ன செய்யும்? ஸ்ப்ரே மேலே பறக்கிற குட்டி முடியைப் படியவைக்கும். எடையைத் தாங்க அதனால் முடியாது.

ஒரு தடவை கல்யாணம் முடிந்து எல்லாவற்றையும் கழற்றித் தராசில் வைத்துப் பார்த்தேன். சவுரி, குஞ்சலம், ஜடைபில்லை, மல்லிகை, பூவைத் தைத்த அட்டை எல்லாம் சேர்த்து நம் ஊர் வீசையில் மூன்றில் ஒரு பங்கு இருந்தது. அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அதைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் நாலு மணி நேரம் குனிந்து நிமிர்ந்து, அக்கினியைச் சுற்றி வந்து, பெரியவர்கள் காலில் விழுந்து எழுந்திருக்கிறாள்.

நான் இரண்டு முளை அடிப்பேன். மாடு கட்டுகிற முளை மாதிரி நினைத்துக்கொள். முதல் முளை உச்சிக்குச் சற்றுப் பின்னால், ராக்கொடி உட்காருகிற இடத்தில். அங்கே உள்ளங்கை அகலத்துக்கு முடியைப் பிரித்து எடுத்து, குட்டிக் குதிரைவால் போட்டு, அதைப் பின்னி, காசு போலச் சுருட்டிக் குத்திவிடு. இரண்டாவது முளை பின்னந்தலையில், காது மடலுக்கு நேராக. மீதி முடி அதில் சேரும். சவுரியின் கயிறு இரண்டாவது முளையைச் சுற்றி, மேலே ஏறி முதல் முளையிலும் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். அப்போது எடை இரண்டாகப் பிரியும். முன்னால் வருகிற பஃப், வகிடு எல்லாம் அப்புறம். அவை இந்த இரண்டையும் மூடுகிற திரை மட்டும்தான்.

சவுரி கட்டியதும் உடனே பூ வைக்காதே. பெண்ணை எழுந்து நிற்கச் சொல்லு. குனியச் சொல்லு, தலையை ஆட்டச் சொல்லு. ஜடையைப் பிடித்து நீயே மெல்லக் கீழே இழுத்துப் பார். ஒரு விரல்கூட அசையக் கூடாது. அசைந்தால் அப்போதே அவிழ்த்துவிடு. பூ வைத்த பிறகு அவிழ்க்க யாருக்கும் மனசு வராது.

7 மே, காலை

பின் குத்துவதைப் பற்றி நேற்று எழுதாமல் விட்டேன், அதுதான் பாதி வேலை.

ஹேர்பின்னில் ஒரு கால் நேராக, ஒரு கால் நெளிநெளியாக இருக்கும். நெளிந்த கால் தலைப் பக்கம் இருக்க வேண்டும். பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் மாற்றிக் குத்துகிறார்கள், நெளிந்த பக்கம் அழகாக இருக்கிறது என்று அதை வெளியே வைத்து.

நேராகச் சொருகினால் போன வழியே வெளியே வரும். பிடிக்க வேண்டிய முடியின் ஓரத்தில் பின்னை முதலில் செங்குத்தாக விடு, தோலில் தட்டுகிற வரை. அங்கேயே அதைத் திருப்பி, படுக்கவைத்து, முளையை நோக்கித் தள்ளு. கையில் ஒரு பிடிப்புத் தெரியும். பட்டனை அதன் துளையில் மாட்டும்போது கையில் தெரியுமே, அந்த மாதிரி. தெரியவில்லை என்றால் எடுத்து மறுபடி குத்து. அதன் மேல் இரண்டாவது பின்னைக் குறுக்காக, பெருக்கல் குறி போல. இப்படி ஆறு பின் நிற்கிற இடத்தில், சும்மா குத்திய இருபது பின் நிற்காது.

முடி வழுக்கினால், ஒரு துணியில் பின்களைப் பரப்பி அவற்றின் மேல் ஸ்ப்ரே அடித்துக் காயவிடு. சொரசொரப்பாகிவிடும். உன் ஸ்ப்ரேக்கு நான் கொடுக்கும் முதல் வேலை இதுதான்.

கொண்டை ஊசி வேறு சாதி. அது கொண்டையின் ஓரத்தை உள்ளே ஒளித்து வைக்க. அதை நம்பி எதையும் தொங்கவிடாதே.

9 மே

தலைக்கு எப்போது குளிக்க வேண்டும் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். முதல் நாள் காலையில். கல்யாணத்தன்று கூடாது. அன்றைக்குக் குளித்த முடி பட்டு போல நழுவும், பின் நிற்காது. கண்டிஷனர் நுனியில் மட்டும், வேரில் வேண்டாம்.

10 மே

நேற்று எழுதியதில் பாதியைத் திருத்த வேண்டியிருக்கிறது. மோல்மீன் ஊர் அக்கா ஒருவர் சரியாகப் பிடித்துவிட்டார்: "நம் வீட்டுக் கல்யாணத்தில் விடிகாலையில் நலங்கு வைத்து மங்கள ஸ்நானம் செய்யாமல் எந்தப் பெண் மணையில் உட்காருகிறாள்?"

உண்மைதான். பர்மியப் பெண்களுக்கும் ஓட்டல் வரவேற்புக்கும் பொருந்துகிற விதியை நம் வீட்டுக்கும் சேர்த்து எழுதிவிட்டேன்.

என் ஆரம்ப நாளில் நடந்ததைச் சொல்கிறேன். முகூர்த்தம் ஆறரைக்கு. மூன்றரை மணிக்குப் போய் நிற்கிறேன். ஐந்து அத்தைகள், சித்திகள் வரிசையாக அறுகம்புல்லை எண்ணெயில் தோய்த்து உச்சியில் வைக்கிறார்கள். ஒவ்வொருவரும் ஆசையாக, தாராளமாக. அப்புறம் மஞ்சள் தண்ணீர். பெண் என்னிடம் வந்தபோது இடுப்பளவு முடி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது, வேரில் எண்ணெய் நின்றது. உலர்த்தவே முக்கால் மணி நேரம். அதன் பிறகும் எண்ணெய் போகவில்லை. அன்று என் கை நடுங்கியது இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஜடை நின்றதற்குக் காரணம் அந்தப் பெண்ணின் முடி அடர்த்தி. என் திறமை இல்லை.

இப்போது ஒரு வாரம் முன்னாலேயே வீட்டுக்குப் போய்விடுகிறேன். பெண்ணிடம் பேசுவதற்கு முன், வீட்டில் மூத்த அத்தையாரிடம் உட்கார்ந்து பேசுகிறேன். "அத்தை, எண்ணெய் கட்டாயம் வைக்க வேண்டும். நெற்றிக்கு மேல், வகிட்டின் ஆரம்பத்தில் ஒரு சொட்டு வையுங்கள். மீதி முடியை நான் பின்னித் துண்டில் சுற்றிவிடுகிறேன், தண்ணீர் முன்பக்கம் படட்டும்." மரியாதையாக முன்கூட்டியே கேட்டால் யாரும் மறுத்ததில்லை. அன்றைக்கு வந்து நின்று தடுத்தால்தான் சண்டை வரும். அந்தச் சடங்கு அவர்களுடையது. நம் வசதிக்கு அதைக் குறைக்க நாம் யார்?

முழுக்க நனைத்தே ஆக வேண்டும் என்கிற வீட்டில் ஸ்நானத்தை ஒரு மணி நேரம் முன்னுக்குத் தள்ளச் சொல்லுங்கள். பழைய வேட்டித் துணியால் துவட்டுங்கள், டர்க்கி டவல் முடியைச் சிலுப்பிவிடும். டிரையரை வேரில் முதலில் காட்ட வேண்டும், நுனி தானே காயும். வேரில் எண்ணெய்ப் பசை நின்றால் துளி டால்கம் பவுடரை விரல் நுனியில் எடுத்துத் தேய்த்து, சீப்பால் முழுக்க வாரி எடுத்துவிடுங்கள். முளை போடுகிற இரண்டு இடத்துக்கு மட்டும் போதும்.

மெல்லிசான, சீக்கிரம் பிசுபிசுக்கிற முடி உள்ளவர்கள் அன்று காலையே குளிக்கலாம். அவர்களுக்கு முதல் நாள் குளியல் நிற்பதே இல்லை. ஆக ஒன்பதாம் தேதி சொன்ன விதி அடர்ந்த முடிக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

16 மே

கரண்ட்.

இந்த வெயில் மாதங்களில் ரங்கூனில் எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியவில்லை. நேற்று ஒரு நிச்சயதார்த்தத்தில் கர்லிங் ராடு பாதித் தலையில் இருக்கும்போது போய்விட்டது. வீட்டில் இருந்த இன்வெர்ட்டர் விளக்குக்கும் ஃபேனுக்கும்தான் தாங்கும். ராடும் டிரையரும் இழுக்கிற கரண்ட் வேறு. கல்யாண வீட்டில் "ஜெனரேட்டர் இருக்கிறதா" என்று மட்டும் கேட்காதீர்கள். "டிரையர் போட்டால் தாங்குமா" என்று கேளுங்கள்.

கரண்ட் இல்லாமலும் சுருள் வரும். என் அம்மா காலத்தில் எல்லாம் துணிநாடாதான். லேசாக ஈரமான முடியைச் சின்னச் சின்னப் பிரிவாக எடுத்து, கிழித்த வேட்டித் துணியில் சுற்றி முடிச்சுப் போட்டு, இரவு முழுக்க விட்டுவிட்டால் காலையில் சுருள் தயார். தொலைவில் இருக்கும் பெண்களுக்கு இன்னும் நான் இதைத்தான் சொல்லி அனுப்புகிறேன். ராடு போட்ட சுருளைவிட இது நேரம் தாங்குகிறது.

காரணம் எளிது. துணியில் முடி சுருட்டியபடியே காய்ந்துவிடுகிறது. ராடில் முடி சூட்டில் வளைகிறது, ஆறும்போதுதான் அந்த வளைவு நிற்கிறது. ராடிலிருந்து எடுத்ததும் சூட்டோடு சூடாக விரலால் கோதினால் ஒரு மணி நேரத்தில் நீண்டுவிடும். எடுத்த சுருளை அப்படியே உள்ளங்கையில் ஏந்தி, சுருட்டியபடியே ஒரு பின் போட்டு, தலை முழுக்க ஆறின பிறகு அவிழ். தொட்டுப் பார், கன்னத்தைவிடச் சூடாக இருந்தால் இன்னும் ஆறவில்லை.

மெல்லிய முடிக்கு 150 டிகிரி போதும். நம் பெண்களின் அடர்ந்த முடிக்கு 180. அதற்கு மேல் ஏற்றி நான் ஒரு நன்மையும் கண்டதில்லை. ஈர முடியில் ராடு வைக்கவே கூடாது. உள்ளே இருக்கும் தண்ணீர் கொதித்து முடியை வெடிக்க வைக்கும்.

21 மே

பெகு தங்கச்சி, உன் கேள்வியை மறுபடி படித்தேன். "தாலி கட்டும் நேரத்தில்" என்று எழுதியிருந்தாய். அந்த இடத்தில் நான் அன்றைக்கே நின்றிருக்க வேண்டும்.

தாலி கட்டுகிற அந்த ஒரு நிமிஷம் என்ன நடக்கிறது? மாப்பிள்ளை மஞ்சள் கயிற்றைக் கழுத்தில் கொண்டுவருகிறார். பெண்ணின் கழுத்தில் ஏற்கெனவே ஒரு பெரிய மாலை. பின்னால் நாத்தனார் நிற்கிறார், மற்ற முடிச்சுகளைப் போட. கயிறு ஜடைக்கு அடியில் போக வேண்டும். அதனால் யாரோ ஒருவர் ஜடையை அப்படியே தூக்குகிறார். மேளம் கொட்டுகிற அவசரத்தில், எவ்வளவு எடை என்று தெரியாமல், ஒரு கையால், வேகமாக. இரண்டு மணி நேரம் மெல்லக் கீழே இழுத்த எடை அந்த ஒரு விநாடியில் மேலே போய் மறுபடி விழுகிறது. பின் தளர்வது அங்கேதான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஜடை ஆடாமல் இருக்கட்டும் என்று அதை ரவிக்கையோடு சேர்த்து ஊக்கு மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் மாட்டினேன். ஒரு கல்யாணத்தில் ஜடையைத் தூக்கினால் ரவிக்கை சேர்ந்து வருகிறது. கயிறு பூச்சரத்தின் மேல் மாட்டிக்கொண்டது. நாத்தனார் பதறி, நான் ஓடிப் போய் ஊக்கைக் கழற்றி, கயிற்றை அடியில் விட்டேன். முகூர்த்தம் தவறவில்லை. ஆனால் வீடியோவில் அந்த நேரத்தில் தெரிவது என் முதுகுதான். அந்தக் குடும்பம் அதை வாழ்நாள் முழுக்கப் பார்க்கும். அதற்குப் பிறகு ஊக்கு போட்டதே இல்லை.

அதனால் தலை முடிந்ததும் என் வீட்டு ஒத்திகை இப்படி: ஒரு துண்டை முறுக்கி மாலை மாதிரி பெண்ணின் கழுத்தில் போடுகிறேன். அதை மூன்று தடவை கழற்றி மாட்டுகிறேன், காதுக்குப் பின்னால் எந்தப் பின்னாவது நூலில் மாட்டுகிறதா என்று பார்க்க. அப்புறம் நாத்தனாரைக் கூப்பிட்டு, ஜடையை எப்படித் தூக்க வேண்டும் என்று அவர் கையாலேயே தூக்க வைக்கிறேன். ஒரு கை பிடரி முளைக்கு அடியில், இன்னொரு கை ஜடையின் நடுவில். இரண்டு கையால் பிள்ளையைத் தூக்குவது போல. அவருக்கு முடிச்சுப் போட இரண்டு கையும் வேண்டும் என்பதால், தூக்க வேறொரு பெண்ணை அப்போதே பேசி வைத்துவிட வேண்டும். அத்தனை பெண்களும் இந்த வேலையை ஆசையோடு செய்கிறார்கள்.

பிடரியில் மயிர்க்கோட்டுக்கு மேல் மூன்று விரல் காலியாக விடு. கயிறு போகிற பாதை அது.

22 மே

பூவைப் பற்றிச் சுருக்கமாக. ஸ்ப்ரே எல்லாம் அடித்து, காய்ந்து, அப்புறம்தான் பூ. ஸ்ப்ரேயில் இருக்கிற ஆல்கஹால் பட்டால் மல்லிகை பழுத்துப் பழுப்பாகிவிடும்.

காளி கோயில் பக்கம் சொல்லி வைத்து வாங்குவேன், முதல் நாள் மாலை மொட்டாக. ஈரத்துணியில் சுற்றி, அதன் மேல் வாழையிலை. காலையில் தண்ணீர் தெளிக்காதே, தண்ணீர் குடித்த சரம் கனக்கும். இதழில் குத்தாதே, நாரில் குத்து.

இன்னொன்று முக்கியம். ஓம குண்டத்துக்கும் குத்துவிளக்குக்கும் பக்கத்தில் வைத்து ஸ்ப்ரே அடிக்கவே கூடாது. டப்பாவிலிருந்து வருவது எரிகிற வாயு. மேடையில் ஏதாவது சரிசெய்ய வேண்டி வந்தால் ஒரு பின்னும் விரல் நுனியில் துளி ஜெல்லும் போதும். பையில் ஸ்ப்ரேயை எடுத்துக்கொண்டு மேடை ஏறாதே.

9 ஜூன்

மழை வந்துவிட்டது. இங்கே ஆண்டு முழுக்கப் பெய்கிற 2,500 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட மழையும் ஏறக்குறைய மே முதல் அக்டோபருக்குள்தான் கொட்டித் தீர்க்கிறது. இந்த மாதங்களில் முடியை விரித்துவிட்டுச் சுருள் கேட்டால் நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மண்டபத்துக்குப் போய்ச் சேரும்போது இது இப்படி இருக்காது.

முடியின் உள்ளே இருக்கும் சின்னப் பிணைப்புகள் தண்ணீர் பட்டால் விட்டுப்போகின்றன, காய்ந்தால் திரும்பப் பிடிக்கின்றன. ராடு அந்தப் பிணைப்பைத்தான் நம் விருப்பத்துக்கு மாற்றி வைக்கிறது. காற்றில் இருக்கும் ஈரமே அதை அவிழ்க்கப் போதும், மழையில் நனைய வேண்டும் என்பதுகூட இல்லை. ஆகவே மழைக்காலத்தில் பின்னல், முறுக்கு, கொண்டை. சுருள் ஆசை என்றால் காதோரம் இரண்டு கீற்று மட்டும். கலைந்தாலும் அழகாகவே இருக்கும்.

காருக்கும் மண்டப வாசலுக்கும் நடுவில் பெண் தலையில் முக்காடு போடக் கூடாது. பூ நசுங்கும். பெரிய குடை, பிடிக்க உயரமான ஒரு தம்பி.

14 ஜூன்

பர்மியக் கல்யாணத்துக்கு நம் பழக்கம் உதவுமா என்று கேட்டவருக்கு: நிறைய உதவும். அவர்களுடைய பழைய முறைக் கொண்டையில் சீப்பைத் தலையில் நிறுத்தி, அதைச் சுற்றி முடியை வரிந்து உருளையாக ஏற்றுவார்கள். பாருங்கள், அங்கேயும் உள்ளே ஒரு முளை! மேலே ஒரு பக்கமாகப் பூ. எங்கள் தெருவில் ஒரு பர்மியப் பாட்டி எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தார். "கொண்டை தலையில் உட்கார வேண்டும், தலையைப் பிடிக்கக் கூடாது" என்று சொல்வார். அந்தப் பேச்சு நம் வேலைக்கும் அப்படியே பொருந்துகிறது.

பர்மியப் பையன்களுக்குப் புத்தத் துறவு கொடுக்கிற ஷின்பியு வீட்டுக்கும் கூப்பிடுவார்கள். அண்ணன் தம்பிக்குத் துறவு, அதே நாளில் தங்கைக்குக் காது குத்து. பையனின் தலையை மழிக்கும்போது விழுகிற முடியை வெள்ளைத் துணியில் அம்மா ஏந்துகிறார். பக்கத்து அறையில் நான் சின்னவளுக்கு ராஜகுமாரி மாதிரி உச்சிக் கொண்டை போடுகிறேன். ஆறு வயசுப் பிள்ளை அரை மணி நேரத்துக்கு மேல் உட்காராது. சின்னப் பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் பாதியாக்குங்கள், பின், பூ, நேரம், இழுப்பு.

15 ஜூன்

பாட்டியின் வார்த்தையை நேற்று எழுதிவிட்டுத் தூக்கம் வரவில்லை. மே ஆறாம் தேதி "ஒரு விரல்கூட அசையக் கூடாது" என்று எழுதினேன். அதைப் படித்துவிட்டு யாராவது முடியை வேரோடு இழுத்துக் கட்டினால் பாவம் எனக்கு.

அசையாமல் இருப்பது வேறு, இறுகிப் போவது வேறு. இறுக்கம் என்றால் தோலை இழுப்பது. பிடிப்பு என்றால் பின்னும் முடியும் ஒன்றோடு ஒன்று பூட்டிக்கொள்வது. பெண்ணைப் புருவத்தைத் தூக்கச் சொல்லுங்கள். நெற்றியில் வலித்தால் இறுக்கம். காதோரத்துத் தோல் மேடு தட்டி இழுபட்டு நின்றால் இறுக்கம். அப்போது வால் சீப்பின் முனையைக் கட்டுக்கு அடியில் விட்டு, மயிரிழை அளவு நெகிழ்த்திவிடுங்கள். பிடிப்பு போகாது, வலி போகும்.

தினமும் இறுக்கிக் கட்டிக் கட்டியே நெற்றியோரத்து முடி போனவர்கள் நம்மில் எத்தனை பேர். பரதநாட்டியம் ஆடுகிற பிள்ளைகளுக்கு வாராவாரம் கனத்த சவுரி கட்டுகிறோம். அந்த இடத்து வேர் வருஷக்கணக்கில் இழுபட்டால் ஒரு கட்டத்துக்கு மேல் முடி திரும்ப முளைப்பதில்லை. பயிற்சி நாளில் சவுரி வேண்டாம் என்று ஆசிரியைகளிடம் நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

பெண்ணின் அம்மாக்களுக்கு உச்சி முளையே வேண்டாம். ஐம்பது வயசுக்கு மேல் அந்த இடத்தில்தான் முடி குறைந்திருக்கும், பிரித்தெடுத்தால் தோல் தெரியும். பிடரிக்கு மேல் ஒரே கொண்டை, லேசான சவுரி, இரண்டு முழம் பூ. அவர்களுக்கும் அது கல்யாண நாள்தான். பெண்ணுக்கு மூன்று மணி நேரம் கொடுத்துவிட்டு அம்மாவைப் பத்து நிமிஷத்தில் முடித்து அனுப்புகிற வழக்கம் எனக்குப் பிடிக்காது. நான் அம்மாவை முதலில் உட்கார வைப்பேன். அதன் பிறகு அவரை அந்த நாற்காலியில் பிடிக்கவே முடியாது.

27 ஜூன்

பெகு தங்கச்சி எழுதியிருக்கிறாள்: இன்னொரு கல்யாணப் பெண்ணுக்கு ஜடை போட்டாளாம், இரண்டு முளை போட்டாளாம், ஜடை இரவு வரை அசையவில்லையாம். படித்ததும் வாய்விட்டுச் சிரித்தேன், அவ்வளவு சந்தோஷம். கூடவே இன்னொரு வரி: "ஆனால் அக்கா, ராத்திரி அதைக் கழற்றத் தெரியாமல் பெண் அழுதுவிட்டாள். மாப்பிள்ளை வீட்டு அக்கா கத்தரிக்கோலால் கொஞ்சம் வெட்டியும் எடுத்தார்களாம்."

இதைப் பற்றி நான் இத்தனை நாளாக ஒரு வார்த்தை எழுதவில்லை. தப்பு என்னுடையது. போட்டதைவிடக் கழற்றுவது பெரிய விஷயம். புது வீடு, அறிமுகம் இல்லாத பெண்கள், காலை மூன்று மணிக்கு எழுந்த அலுப்பு. அந்த நேரத்தில் ஒரு பெண் கண்ணாடி முன்னால் தனியாக உட்கார்ந்து, கைக்கு எட்டாத இடத்தில் எத்தனை பின் இருக்கிறது என்று தெரியாமல் தடவுகிறாள்.

நான் இப்போது செய்வது: குத்துகிற பின்களை எண்ணுகிறேன். நாற்பத்திரண்டு என்றால் நாற்பத்திரண்டு. ஒரு சின்னச் சீட்டில் அந்த எண்ணை எழுதி, எந்த வரிசையில் எடுக்க வேண்டும் என்றும் எழுதி, பெண்ணின் தங்கை கையிலோ தோழி கையிலோ கொடுக்கிறேன். முதலில் பூ. அப்புறம் ராக்கொடி, நெற்றிச்சுட்டி. அப்புறம் சவுரிக் கயிற்றின் முடிச்சு. அதை எப்போதும் வலப்பக்கமே போடுகிறேன், சிவப்பு நூலால், கறுப்பு முடிக்குள் தேடாமல் கண்ணுக்குத் தெரிய. அப்புறம்தான் பின்கள், கீழிருந்து மேலாக. ரப்பர் பேண்டை இழுக்காதீர்கள், அதை மட்டும் வெட்டலாம். சின்னக் கத்தரிக்கோல் ஒன்றும் உறையில் வைத்துவிடுகிறேன்.

ஸ்ப்ரே அடித்து விறைத்த முடியை உலர்ந்தபடியே சீவினால் ஒடியும். உள்ளங்கையில் தேங்காய் எண்ணெய் தேய்த்து, மேலோட்டமாகத் தடவி, பத்து நிமிஷம் விட்டு, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுக்க வேண்டும். பஃப்புக்காக வேரில் எதிர்ப்பக்கம் சீவிய இடத்தில் இன்னும் பொறுமை வேண்டும். அதனாலேயே பஃப் வைக்கும்போது வேரிலிருந்து மூன்று விரல் அளவுக்குள்ளே மட்டும் சீவு. நீளத்துக்குச் சீவினால் ராத்திரி எல்லாம் சேர்ந்து ஒரே முடிச்சு.

அந்தப் பெண்ணை ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வா தங்கச்சி. வெட்டிய இடம் எங்கே என்று பார்த்து, சமன் செய்து கொடு. காசு வாங்காதே.

20 ஜூலை

ஆடி பிறந்துவிட்டது. பர்மியர்களுக்கும் மழைக்கால விரதம் ஆரம்பித்துவிட்டது, அக்டோபர் வாக்கில் வரும் தடிஞ்சு விளக்குத் திருவிழா வரை அவர்கள் வீட்டில் கல்யாணம் இல்லை. பார்லரில் ஈ ஓட்டுகிறேன் என்று சொல்ல மாட்டேன், இதுதான் கை பழக்குகிற காலம். என்னிடம் வேலை கற்றுக்கொள்கிற இரண்டு பெண்களும் தினம் காலையில் ஒருவர் தலையில் ஒருவர் முளை போட்டு அவிழ்க்கிறார்கள். பொம்மைத் தலையில் பழகினால் விரல் பழகும். வலிக்கிறதா என்று பொம்மை சொல்லாது.

நேற்று அவர்களை தெய்ன்ஜி சந்தைக்குக் கூட்டிப்போய்த் தயோ என்கிற மரப்பட்டையும் கின்பூனும் வாங்கி வந்தேன். கின்பூன் வேறொன்றும் இல்லை, நம் சீயக்காய்தான். பர்மிய வீடுகளில் இரண்டையும் சேர்த்து வேகவைத்து, திஞ்சான் என்கிற பர்மியப் புத்தாண்டுச் சமயத்தில் பெரியவர்களுக்குத் தலை தேய்த்துவிடுவார்கள். ஸ்ப்ரே படிந்த முடியைக் கழுவ எனக்கு இதைவிடப் பிடித்தது இல்லை. வழவழப்பாக இருக்கும், முடியை உரசாது. கல்யாணம் முடிந்த பெண்ணுக்கு மறுநாள் தலைக்கு ஊற்ற ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்பலாம் என்று இருக்கிறேன், ஆவணியிலிருந்து.

அப்புறம், தங்கச்சி, நீ முதலில் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. ஸ்ப்ரே எந்தக் கடையிலும் கிடைக்கும். உன் சவுரி ஒன்றைக் கையோடு கொண்டுபோ. கடைக்காரர் அனுமதித்தால் அதில் ஒரு விரல் அகலத்துக்கு அடித்து, இரண்டு நிமிஷம் காயவிட்டு, சீப்பால் வாரிப் பார். வெள்ளையாகத் தூள் உதிர்ந்தால் வேண்டாம். ஒட்டிக்கொண்டு சீப்பு நகரவில்லை என்றாலும் வேண்டாம். சீப்பு போய், முடியும் தன் இடத்துக்குத் திரும்பி வந்தால் அதை வாங்கு. சின்ன டப்பா போதும், இரண்டு கல்யாணத்துக்கு வரும்.